கவுந்தவன் ஊரைத் திட்டணும்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் வண்டிய ஓட்டமாட்டான், இழுப்பான். தேர் ஊர்க்காரன்ல, ஊரே கூடி வடம் பிடிச்சாத்தான் அவன் வண்டி நகரும். சிவகாசிக்காரன் எந்த லோடு ஏத்துனாலும் வெடி லோடு ஏத்துன நெனப்புலயே போவான், முன்னால போற வண்டிக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு கல்யாணமே நடத்தலாம். கூமாப்பட்டி, புதுப்பட்டி ஆளுக்கு ரோடு ஒரு பக்கந்தான், அந்தப் பக்கம் மலை நிக்கும். அதனால அவனுக்கு நேரா போகத் தெரியும், முட்டத் தெரியும், திரும்பத்தான் தெரியாது. எங்க ராஜபாளையத்துக்காரன் இருக்கானே, ரோட்டுல நாய் படுத்திருந்தா அது எந்திரிக்கிற வரைக்கும் வண்டிய நிறுத்திக் காத்துக் கெடப்பான். மனுசன் குறுக்க வந்தா மட்டும் ஆரன் அடிச்சே கொன்னுருவான்.

இதெல்லாம் நான் சொல்லல, எங்க குரூப்பு சொல்லுது. சரி, பாதி நான் சொன்னதுதான்.

என் பேரு ஜெயசித்ரா. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கடையில ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணுல ஆதார், பட்டா, ரேசன் கார்டுன்னு ஊர் வேலை ஓடும். இன்னொண்ணுல நான் லாரி ஓட்டுவேன். சிரிக்காதீங்க. ட்ரக் சிமுலேட்டர்னு ஒரு கேம். ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் தனியா வாங்கி மேசையில மாட்டியிருக்கேன். நெசத்துல எனக்கு ஸ்கூட்டிக்கு மேல ஓட்டத் தெரியாது. கேம்ல பதினாலு சக்கர லாரிய அலட்டாம ரிவர்ஸ் எடுப்பேன். ஆரம்பத்துல ஒருத்தன், "பொம்பளைக்கு எதுக்கு லாரி?"ன்னு கேட்டான். நான் சொன்ன பதில இங்க எழுத முடியாது. பொறவு அவன் குரூப்புலயே இல்ல.

குரூப்ப ஆரம்பிச்சவன் ஜாபிர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல செல்போன் கடை வச்சிருக்கான். சிவகாசியில இருந்து சங்கிலிப்பாண்டி, அச்சாபீஸ்ல வேலை. இன்னும் ரெண்டு மூணு பேரு வருவாவ, போவாவ. ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் எல்லாரும் கேம்ல வரிசையா லாரிய எடுத்துக்கிட்டு கெளம்புவோம். வாய்ஸ் ரூம்னு ஒண்ணு தெறந்து வச்சிருப்போம், அதுல பேசிக்கிட்டே ஓட்டுறது. நெச டிரைவர்மார் மாதிரியே பேசணும், அதுதான் எங்களுக்குள்ள பழக்கம். "தார்ப்பாய் கட்டியாச்சா?" "கட்டியாச்சுண்ணே." "டயர்ல காத்து பாத்தியா?" "பாத்தாச்சு." உக்காந்திருக்கது பிளாஸ்டிக் சேர்ல. பேச்சு மட்டும் நெடுஞ்சாலையில.

அதுல ஒரு சட்டம் இருந்துச்சு. எவன் வண்டிய கவுத்தாலும், உடனே மைக்க ஆன் பண்ணி, எப்படிக் கவுந்தேன்னு அழுகாத குறையா சொல்லணும். சொல்லி முடிச்சதும் எதிர் ஊரைத் திட்டணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆளு கவுத்தா ராஜபாளையத்தைத் திட்டணும். நான் கவுத்தா ஸ்ரீவில்லிபுத்தூரைத் திட்டணும். சங்கிலிப்பாண்டிக்கு எல்லா ஊரும் எதிர் ஊருதான். திட்டாம முடிச்சா செல்லாது, மறுபடியும் மொதல்ல இருந்து அழுகணும். யாரு இந்தச் சட்டத்தைப் போட்டதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஆனா இதுக்காகவே வண்டிய கவுக்குற ஆளு உண்டு.

அந்த ஆளு இம்மானுவேல். வ. புதுப்பட்டிக்காரன். முப்பது வயசு இருக்கும், நாங்க யாரும் நேர்ல பாத்ததில்ல. நெசத்துலயே குட்டியானை, அதான் சின்ன லோடு வண்டி, ஓட்டுறவன். தோப்புத் தோப்பா போயி தேங்காய் ஏத்தி வத்திராயிருப்புல இறக்குவான். கேம்லயும் அவனுக்குத் தேங்காய் லோடுதான் வேணும், அதுக்குன்னு ஜாபிர்ட்ட சண்டை போட்டு லாரிக்குள்ள தேங்காய்ப் படம் போட வச்சான். திட்டுறதுல அவன அடிச்சுக்க ஆளே கெடையாது. ஒரு தடவ நடுரோட்டுல கவுத்துட்டு சொல்லுதான்: "அண்ணே, ஒண்ணுமில்ல, எதுத்தாப்புல ராஜபாளையத்து லாரி வந்துச்சு. டிரைவர் சீட்டுல நாய் இருந்துச்சு. அது ஒழுங்காத்தான் ஓட்டுச்சு. பக்கத்துல உக்காந்து வழி சொன்னது மனுசன்." அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புல பட்டா எடுக்க வந்த ஆளு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவன் தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு பந்தி பரிமாறிக்கிட்டே ரூமுக்குள்ள வந்து, "சாம்பார்ல உப்பில்ல, சமையக்காரன் ராஜபாளையம்"னு சொல்லிட்டுப் போன பய அவன்.

அவன்கிட்ட ஒரு சங்கடம் உண்டு. அவன் பேசுறது எது நெசம், எது கேம்னு பிரிக்கவே முடியாது. "லோடு ஏத்திட்டேன், செத்த நேரத்துல வாரேன்"பான். எந்த லோடு? தோப்பு லோடா, கேம் லோடா? நாங்க கேக்கவும் மாட்டோம். கேக்கணும்னு தோணுனதே இல்ல.

அந்த ஞாயித்துக்கெழம ஜாபிர் என் கடையில இருந்தான். அவன் கம்ப்யூட்டர் மண்டையப் போட்டுருச்சு, என் ஸ்டியரிங்ல ஓட்டிப் பாக்கணும்னு பைக்க எடுத்துக்கிட்டு வந்துட்டான். ஷட்டர பாதி இறக்கிட்டு நான் அந்தக் கம்ப்யூட்டர், அவன் இந்தக் கம்ப்யூட்டர். சங்கிலிப்பாண்டி சிவகாசியில இருந்து முன்னால போறான். இம்மானுவேல் வாய்ஸ் ரூமுக்குள்ள வந்து, "லோடோட வந்துக்கிட்டு இருக்கேன்க்கா, நீங்க போங்க, பிடிச்சிருதேன்"னான். சரிலேன்னேன். அவன் லாரி எங்க நிக்குதுன்னு கேம்ல நான் பாக்கல, யாரும் பாக்கல.

கொஞ்ச நேரம் போயிருக்கும். மடார்னு ஒரு சத்தம் ஹெட்செட்டுல. பொறவு உருள்ற சத்தம். அப்புறம் அவன் கத்தல்.

"அக்கா. வண்டி கவுந்துருச்சுக்கா. ஓடைக்குள்ள கெடக்கேன். கால் மாட்டிக்கிச்சு."

ஜாபிர் ஸ்டியரிங்க விட்டுட்டு கையத் தட்டுனான். "கவுந்தான்யா! தேங்காய் எம்புட்டுலே உடைஞ்சது?"

சங்கிலிப்பாண்டி, "பிள்ளையார் கோயில் பக்கமா பாத்துக் கவுத்தியாலே? சூறத்தேங்காய் செலவு மிச்சம்"னான்.

"கால் மாட்டிக்கிச்சாம்ல. வரப்புல ஓட்டிப் பழகுனவனுக்கு ஓடையக் குடுத்தா இப்படித்தான்"னு இன்னொருத்தன். யாருன்னு இப்ப ஞாபகமில்ல. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சத்தம் எம்புட்டு நல்லாப் போட்டிருக்கான் பாரு, ஏதோ தட்டு முட்டுச் சாமான உருட்டி விட்டிருக்கான்னு நெனச்சேன்.

"நெசமாக்கா. கால் மாட்டிக்கிச்சு"ன்னான் மறுபடியும்.

அதுக்கும் சிரிப்பு. நெசமான்னு சொல்லாத ஆளு எங்க குரூப்புல யாரு? எல்லாரும் நெசமாத்தான் கவுப்போம். அதுதானே வெளையாட்டு.

எனக்கு வேற ஒண்ணு உறுத்துச்சு. இன்னும் திட்டு வரல. நான் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், ராஜபாளையத்தை என்ன சொல்லப் போறான்னு. அவன் மூச்சு விடுறது மட்டும் கேக்குது. எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏலே இம்மானுவேலு, செல்லாது. எங்க ஊர ஒரு வார்த்த சொல்லலையே. மொதல்ல இருந்து அழுவு"ன்னேன்.

மறுபடியும் மூச்சுச் சத்தந்தான்.

"திட்டுலே!"

"முடியலக்கா"ன்னான். "திட்ட மூச்சு வரல."

"நடிகன்யா"ன்னு சங்கிலிப்பாண்டி சிரிக்கான். இந்தப் பய ராஜபாளையத்தைத் திட்டுற வாய்ப்ப விடுறவனா? காய்ச்சல்ல படுத்துக்கிட்டே திட்டுனவன். பெத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கு கோயில் வாசல்ல நின்னு திட்டுனவன். வலிய வந்து கேட்டும் ஒருத்தன் திட்டலைன்னா அவன் கேம்ல இல்ல.

"எல்லாரும் வாய மூடுங்க!"ன்னு கத்துனேன். கடைக்கு வெளிய போனவங்ககூட திரும்பிப் பாத்தாக. "இம்மானுவேலு, நீ வீட்டுல இல்லியா?"

"இல்லக்கா. தோப்புக்குள்ள. ஞாயித்துக்கெழம, ஒரு ஆளு இல்ல இங்க."

"போன எடுத்து யாருக்காச்சும் அடிலே!"

"போன் கேபினுக்குள்ள எங்கயோ கெடக்கு, எட்டல. காதுல புளூடூத் மட்டுந்தான் இருக்கு. நீங்க மட்டுந்தான்க்கா கேக்கீங்க."

சங்கிலிப்பாண்டிதான் மொதல்ல பேசினான். அவன் குரலே மாறிப்போச்சு. "நான் நூத்தியெட்டுக்குப் போடுதேன். எடத்தச் சொல்லு."

"புதுப்பட்டிக்கு மேக்க. மாந்தோப்பு தாண்டி. ஓடைப் பாலத்துக்கிட்ட."

அடுத்த சங்கடம் அங்கதான். அவன் வீட்டுக்குச் சொல்லணும், அவன் ஊர்ல யாரையாச்சும் ஓடச் சொல்லணும். யாரு நம்பர் இருக்கு? அவன் நம்பர் இருக்கு, அது கேபினுக்குள்ள கெடக்கு. பொண்டாட்டி நம்பரக் கேட்டோம், அவன் ரெண்டு நம்பர் சொல்லிட்டு மூணாவது வரமாட்டேங்குது, வலியில மறந்துருச்சு. இப்ப எவனுக்குத்தான் யார் நம்பர் மனப்பாடம்? புதுப்பட்டியில தெரிஞ்ச ஒரு ஆளு இருக்கானான்னு நானும் ஜாபிரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இல்ல. அந்த ஊரப் பத்தி விடிய விடிய சொல்ல எங்ககிட்ட ஜோக்கு இருக்கு. கூப்பிட ஒரு ஆளு இல்ல. அந்த ஊருக்கு நாங்க போனதே இல்ல.

"கெளம்புக்கா"ன்னான் ஜாபிர். ஷட்டர இறக்கிப் பூட்டக்கூட இல்ல. அவன் பைக்குல பின்னால ஏறிட்டேன். போன்ல வாய்ஸ் ரூம அப்படியே வச்சுக்கிட்டு, ஒத்தக் காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டேன். "இம்மானுவேலு, வாரேன்லே. நானும் ஜாபிரும் வாரோம். தூங்கிராத"ன்னேன்.

"வாங்கக்கா"ன்னான். "சிவகாசி, நீ எதாச்சும் பேசு. கண்ணு சொருகுது."

சங்கிலிப்பாண்டி பேச ஆரம்பிச்சான். என்ன பேசுவான், பாவம். நூத்தியெட்டு கெளம்பிருச்சுன்னு சொன்னான், பயப்படாதன்னான், அதையே திரும்பத் திரும்ப சொன்னான். "அது வேண்டாம்ணே, ஜோக்கு சொல்லு"ன்னு இம்மானுவேல் கேட்டான். சங்கிலிப்பாண்டிக்கு வாயே வரல. ஒரு நாளைக்கு நூறு சொல்லுறவன், "சிவகாசிக்காரன் இருக்கான்ல"ன்னு ஆரம்பிச்சு அங்கயே நின்னுட்டான். அழுதுட்டான்னு நெனக்கிறேன்.

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கந்தான். அன்னைக்கு அது தூரமாப் போச்சு. ஜாபிர் அறுபதத் தாண்டல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏலே, தேர் இழுக்குத நேரமாலே இது? முறுக்குலே!"ன்னு முதுகுலயே குத்துனேன்.

அவன் திரும்பாமச் சொன்னான்: "நாம கவுந்தா அவன யாருக்கா தூக்குவா?"

குத்துன கையாலயே அவன் தோளப் பிடிச்சுக்கிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஜார்ல நெரிசல். ஒரு லாரிக்காரரு எங்க மூஞ்சியப் பாத்துட்டு என்ன ஏதுன்னு கேக்காம ஓரங்கட்டி வழி விட்டாரு. அவரு எந்த ஊருன்னு நம்பர் பிளேட்ட பாக்கலாம்னு கழுத்து தானாத் திரும்புச்சு. சீ, என்ன பழக்கம் இது. எந்த ஊரா இருந்தா என்னன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

வழியெல்லாம் அதுதான் ஓடுச்சு மனசுக்குள்ள. ஒரு ஊரப் பத்தி நாலு ஜோக்கு தெரிஞ்சா அந்த ஊரே தெரிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு வந்துருது. அதுல கெட்ட எண்ணம் ஒண்ணும் கெடையாது, சத்தியமா. யாரு மேல பிரியம் இருக்கோ அவனத்தான் திட்டுவோம். தெரியாத ஆள எவன் கிண்டல் பண்ணுவான்? ஆனா இம்மானுவேலுக்கு எத்தனை பிள்ளைன்னு எனக்குத் தெரியாது. அவன் குட்டியானை சொந்த வண்டியா, தவணை வண்டியான்னு தெரியாது. புதுப்பட்டிக்காரன் திரும்பத் தெரியாதவன், முட்டத் தெரிஞ்சவன், அம்புட்டுத்தான். அந்தப் புதுப்பட்டிக்காரன் அங்க ஓடைக்குள்ள இருந்து கத்துனான், எங்களுக்கு அது ஜோக்காத்தான் கேட்டுச்சு.

கிருஷ்ணன்கோவில் தாண்டி இடப்பக்கம் திரும்பும்போது இம்மானுவேல் குரலு நின்னுபோச்சு.

"இம்மானுவேலு? ஏலே? சங்கிலி, உனக்குக் கேக்குதா?"

"இல்லக்கா. ரொம்ப நேரமா 'உம்'முன்னுதான் சொன்னான். இப்ப அதுவும் இல்ல."

ஜாபிர் கிட்ட சொன்னேன். அவன் தோள்பட்டை இறுகுனது எனக்குத் தெரிஞ்சுச்சு. எனக்குக் கும்பிடத் தெரிஞ்ச சாமியெல்லாம் கும்பிட்டேன். அவன் சாமி பேரையும் சேத்துக்கிட்டேன்.

புதுப்பட்டிக்கு மேக்க ஆள் அரவமே இல்ல. மலை கண்ணுக்கு நேரா நிக்குது, ரோடு அதப் பாத்துத்தான் போகுது. ஒரு அம்மா ஆடு பத்திக்கிட்டு வந்தாவ. வண்டிய நிறுத்தி, "ஓடைப் பாலம் எங்கம்மா?"ன்னு கேட்டேன்.

"எந்த ஓடை? இங்க ஓடைக்கு என்ன பஞ்சம்? நீங்க எந்த ஊரு?"

"மாந்தோப்பு தாண்டி ஓடை. இம்மானுவேல்னு குட்டியானை ஓட்டுத பையன், வண்டியோட கவுந்து கெடக்கான்."

"ஐயோ, அந்தப் பையனா!"ன்னு அந்தம்மா கம்பக் கீழ போட்டுட்டாவ. இசக்கியம்மாள்னு பேரு, பொறவு தெரிஞ்சுக்கிட்டேன். "காலையில எங்க தோப்புலதான் காய் ஏத்துனான். இங்க வாங்க, இங்க வாங்க"ன்னு ஆட்ட அப்படியே விட்டுட்டு, தோப்புக்குள்ள ஓடுறாவ. அந்த வயசுல அம்புட்டு ஓட்டம். பின்னால நாங்க பைக்குல. கொஞ்ச தூரத்துல மண்ணுப் பாதை ரெண்டாப் பிரியுது. எந்தப் பக்கம்னு அவியளுக்கும் தெரியல.

ஜாபிர் இஞ்சின ஆப் பண்ணுனான். "சத்தம் போடாதீங்க"ன்னான்.

மொதல்ல காத்துதான். பொறவு வலப்பக்கம் எங்கயோ ஒரு ஆளு பேசுற மாதிரி. சிவகாசிப் பேச்சு. "நான் ஒரு அஞ்சு நிமிசம் தள்ளியே நிக்கேன், நீங்க போங்கண்ணே." அப்புறம் வேற குரலு, அப்படியே ஜாபிர் மாதிரி, "அவசரப்படாதீய, வடம் பிடிக்க ஆள் வருது." சங்கிலிப்பாண்டி இங்க எப்படி வந்தான்னு ஒரு கணம் நெசமாவே திகைச்சுட்டேன். அப்புறம் மூணாவதா ஒரு குரலு, இளைச்சு, தொண்டை கட்டி: "இந்த ராஜபாளையத்துக்காரி இன்னும் வரல பாரு. வழியில நாய் படுத்திருக்கும். எழுப்ப மனசு வராம நிக்குதா போல."

நான் அங்கயே ஓன்னு அழுதுட்டேன்.

ஓடைக்குள்ள குட்டியானை ஒருச்சாய்ச்சுக் கெடந்துச்சு. இம்மானுவேல் பாதி வெளிய, பாதி உள்ள. சுத்தியும் தேங்காய். காதுல புளூடூத் இன்னும் மாட்டியிருக்கு, ஆனா சார்ஜ் எப்பவோ போயிருச்சு. மெலிஞ்ச ஆளு, மீசை கொஞ்சமா. மொத மொதல்ல அவன் மூஞ்சிய அப்பத்தான் பாக்கேன். அவனும் என்னையப் பாத்தான்.

"அக்காதானே?"ன்னான்.

இசக்கியம்மாள் போட்ட சத்தத்துல எங்கெங்கயோ இருந்து ஆள் வந்துட்டாக. சாப்பிட்ட கைய கழுவாம வந்தவன்கூட உண்டு. வண்டிக்குள்ள கெடந்த காயெல்லாம் அள்ளி வெளிய எறிஞ்சாக. தென்னங்கட்டைய அடியில குடுத்து நெம்பி, ஏலேலோ சொல்லி, ஜாபிரும் சேந்து தோள் குடுத்துத் தூக்குனாக. நான் அவன் தலைய மடியில வச்சுக்கிட்டேன். கால உருவும்போது அவன் போட்ட சத்தம் இருக்கே, அத யாரும் கேமுன்னு நெனக்க முடியாது. நூத்தியெட்டு அந்தப் பக்கத்து ஓடையில தேடிக்கிட்டு நின்னுச்சாம், ஒருத்தன் ஓடிப்போயிக் கூட்டிட்டு வந்தான்.

உசுரு தப்பிச்சான். மதுரையில ஆஸ்பத்திரியில கால்ல கம்பி வச்சாக. நடக்க நாளாகும், ஆனா நடப்பான்னு டாக்டர் சொன்னாரு. சேதி தெரிஞ்ச அன்னைக்கு போன்ல சங்கிலிப்பாண்டி மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

ஒரு வாரம் கழிச்சு நானும் ஜாபிரும் பாக்கப் போனோம். சாத்துக்குடி வாங்கிட்டுப் போயிருந்தோம். அவன் பொண்டாட்டி எங்களக் கண்டதும் கையப் பிடிச்சுக்கிட்டா. சின்னப் பொண்ணு. "மாதாவே அனுப்புன மாதிரி வந்தீங்கக்கா. நீங்க ரெண்டு பேரு இல்லைன்னா எம் பிள்ளையளுக்கு அப்பா இல்ல"ன்னு அழுதா. ரெண்டு பிள்ளையளாம், அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு டீ வாங்கிட்டு வாரேன்னு பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு வெளிய போனா.

நான் சாத்துக்குடிய உரிச்சுக் குடுத்துக்கிட்டே கேட்டேன்: "ஏலே, அன்னைக்கு ஓடைக்குள்ள தனியா என்னத்தலே பேசிக்கிட்டு கெடந்த? அவன் குரலு, இவன் குரலுன்னு."

"காதுல நீங்க நின்னு போயிட்டீங்கள்ல. பயமாப் போச்சு. அதான் நானே எல்லாரு மாதிரியும் பேசிப் பாத்தேன். ஆள் இருக்க மாதிரி இருந்துச்சு"ன்னான். ஒரு சுளைய வாயில போட்டுக்கிட்டான். ரொம்ப சாதாரணமா, கோவமே இல்லாம, அடுத்தத சொன்னான். "அதவிட மொதல்லதான்க்கா பயந்தேன். நான் கத்துதேன், நீங்க எல்லாரும் சிரிக்கீங்க. நெசமான்னு சொல்லுதேன், அதுக்கும் சிரிக்கீங்க. அப்ப நான் நெனச்சேன், சரி, நாம செத்துட்டோம் போல, நாம பேசுறது உசுரோட இருக்கவங்களுக்குக் கேக்கல போலன்னு. நீங்க 'திட்டுலே'ன்னு கத்துன பொறவுதான் இல்ல, இருக்கோம்னு தெரிஞ்சுச்சு."

ஜாபிர் குனிஞ்சுக்கிட்டான். நான் கையில பிடிச்ச சாத்துக்குடியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மன்னிச்சுருன்னு சொல்ல வாய் வருது, அது எம்புட்டுச் சின்ன வார்த்தையா இருக்கு. அவன் எங்க மேல குத்தம் சொல்லல. அதுதான் தாங்க முடியல.

திரும்பிப் பாத்தா அவன் பொண்டாட்டி வாசல்ல நிக்குதா, பிளாஸ்க்கோட. எப்ப வந்தாளோ தெரியல. மூஞ்சியப் பாத்தேன், எல்லாத்தையும் கேட்டுட்டா.

"யாரு சிரிச்சது?"ன்னு கேட்டா.

"ஏ, அது வெளையாட்டும்மா. குரூப்புல எல்லாரும்"னு அவன் அவசரமாச் சொன்னான். "அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ அவனப் பாக்கல. என்னையவே பாத்தா. அழுகல, சத்தம் போடல. "இனிமே இவரு கத்துனா நம்புவீங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

எத்தனையோ பேருக்கு எடுத்தெறிஞ்சு பதில் சொன்ன வாய் எனக்கு. அந்தப் பொண்ணுக்கு ரெண்டே வார்த்தைதான் வந்துச்சு. "நம்புவேன் தாயி"ன்னேன்.

அவ பிளாஸ்க்கத் தெறந்து ரெண்டு டம்ளர்ல டீய ஊத்துனா. முன்னால வந்தப்போ என் கையப் பிடிச்சுக்கிட்டவ, இப்ப டம்ளர என் கையில குடுக்கல. கட்டில் பக்கத்துல இருந்த ஸ்டூல் மேல வச்சுட்டு, புருசன் கால் மாட்டுல போயி நின்னு போர்வைய இழுத்து விட்டா. அவ செஞ்சதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. நான் டீய எடுத்துக் குடிச்சேன்.